காலருக்குள்ளே ஒரு தொண்டை இருக்கிறது

போன மாதம் குடியாத்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் கழுத்து வலிக்குப் போடுகிற காலர் போட்டிருந்தார். தலைகீழாகப் போட்டிருந்தார். தாடைக்கு அடியில் வர வேண்டிய வளைவு நெஞ்சைக் குத்திக்கொண்டிருந்தது. குத்துகிறதே என்று நடுவில் ஒரு கர்சீப்பை வேறு மடித்துச் செருகியிருந்தார். முப்பத்து நான்கு வருடம் நோயாளிகளுக்குக் காலர் போட்டே காலம் தள்ளியவன் நான். அதைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.

"அண்ணே, அது தலைகீழா இருக்குது" என்றேன்.

"ஆன்லைன்ல வாங்குனதுங்க. அப்படித்தான் வருது" என்று சொல்லிவிட்டு அவர் ரசம் கேட்டார்.

அதே வாரம் நஸீமா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஆஸ்பத்திரியில் காலர், இடுப்புப் பட்டை, செயற்கைக் கால் எல்லாம் செய்கிற பட்டறையைப் பார்த்துக்கொள்கிறவள்.

"சார், புதுசா சேர்ந்தவங்களுக்கு ஒரு நோட் வேணும். கழுத்து எலும்பு முறிஞ்சவங்களுக்குக் காலர் போடறது எப்படின்னு. ஒரு பக்கம் போதும்."

"ஒரு பக்கத்துல இன்னா எழுதறது?"

"சைஸ் சார்ட் இருக்குது சார். ஸ்மால், மீடியம், லார்ஜ். எதை யாருக்கு எடுக்கணும்னு எழுதிட்டா போதும்."

அந்தச் சார்ட்டை அனுப்பியும் வைத்தாள். நஸீமா மேல் எனக்குக் கோபமில்லை. அவள் கெட்டிக்காரி, பிளாஸ்டிக் வளைப்பதில் என்னைவிட நல்ல கை. கோபம் அந்தச் சார்ட்டின் மேல்தான். அதில் கழுத்து என்று ஒரு படம் போட்டிருந்தான். ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு எலும்பு. தோல் இல்லை, குரல்வளை இல்லை, சாப்பாடு இறங்குகிற குழாய் இல்லை. படம் வரைந்தவனுக்கும் கழுத்து என்றால் எலும்புதான்.

ஒரு பக்கம் போதாது. எனவே இதை எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் வேலைக்காலம் முழுக்க யாராவது ஒருவர் அதை எனக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தார். பத்தாவது முடித்துவிட்டு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற மேஜையில் இரண்டு வருடம் நின்றேன். பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரிப் பட்டறைக்குத் தோல் வெட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். ஆறு மாதம் ரிவெட் அடித்தேன். ஒரு வருடம் அளவு எடுக்கப் பழகினேன். நடுவில் ஒரு சான்றிதழ்ப் படிப்பு. பயிற்சி அவ்வளவுதான்.

அப்போது காலர் தோலில்தான் செய்தோம். உள்ளே கம்பளித் துணி, வெளியே மாட்டுத்தோல், பின்பக்கம் துளை போட்ட பட்டையும் பக்கிளும். அந்தக் காலத்துக் காலர் போல வருமா என்று யாராவது பெருமூச்சு விட்டால் நான் எழுந்து போய்விடுவேன். வியர்வையில் ஊறி நாறும். தாடையில் புண் வரும். எங்கள் ஊர் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பதே தனித் தண்டனை. பிளாஸ்டிக் வந்தபோது முதலில் கை தட்டியவன் நான். என் புகார் சாமானைப் பற்றியது இல்லை.

எங்கள் எலும்புப் பிரிவின் தலைவரைப் பெரிய டாக்டர் என்போம். காலை ஏழு பத்துக்கு வார்டு வாசலில் அவர் ஷூ சத்தம் கேட்கும். ஏழு ஒன்பதுக்கும் கேட்டதில்லை, ஏழு பதினொன்றுக்கும் கேட்டதில்லை. சட்டைப் பையில் ஆறு அங்குல எவர்சில்வர் ஸ்கேல் இருக்கும். எக்ஸ்ரே பார்க்க விளக்குப் பெட்டி இருந்தாலும் அவர் ஜன்னல் பக்கம்தான் போவார். வெளிச்சத்தில் படத்தைத் தூக்கிப் பிடித்து, ஸ்கேலை வைத்து, எலும்பு எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது என்பார். நோயாளியோடு பேச மாட்டார், எக்ஸ்ரேயோடு பேசுவார். "இன்னாப்பா, நீ இங்க வந்து உக்காந்துக்கினியா" என்று நகர்ந்த எலும்பை விசாரிப்பார். படுத்திருப்பவர் தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்துப் பதில் சொல்ல வாயைத் திறப்பார். அதற்குள் பெரிய டாக்டர் அடுத்த கட்டிலில் இருப்பார்.

யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். மாவுக்கட்டுப் போடுகிறவர் 'பிளாஸ்டர்'. எக்ஸ்ரே எடுக்கிறவர் 'ஃபிலிம்'. நான் 'காலர்'. "காலர், ஆறாம் பெட், நாலு கம்பி, மதியத்துக்குள்ள." நாலு கம்பி என்பது நெஞ்சிலும் முதுகிலும் தட்டு வைத்து, நான்கு கம்பிகளால் தாடையையும் பின்தலையையும் தாங்கிப் பிடிக்கிற சாதனம். என் பெயர் சாலமோன் என்று அவருக்குத் தெரியுமா என்று எனக்கு ரொம்ப வருடம் சந்தேகம் இருந்தது.

ஆனால் கை அபாரமான கை. விரல் அசைக்க முடியாமல் வந்தவன் அவர் கைபட்டுத் தன் காலால் நடந்து வெளியே போனதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அதனால் யாரும் அவரை எதிர்த்துப் பேசியதில்லை. பேஜாரே அங்கேதான். அடிக்கடி தப்புச் செய்கிற ஆளிடம் வேலை பார்ப்பது சுலபம், கண்ணை விழித்துக்கொண்டே இருப்போம். எப்போதும் சரியாகச் செய்கிறவரிடம் நமக்கும் கண் மூடிக்கொள்கிறது.

காலர் போடுகிற முறையைச் சொல்கிறேன். தலைமாட்டில் ஒருவர் நிற்க வேண்டும். இரண்டு உள்ளங்கையையும் காதோரம் வைத்து, விரல்கள் தோள் வரைக்கும் நீண்டிருக்கும்படி தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் சொன்னால்தான் மற்றவர்கள் அசையலாம். தாடை நுனியிலிருந்து நெஞ்செலும்புக்கு மேலிருக்கும் குழி வரை ஓர் அளவு. காது மடலுக்குக் கீழிருந்து தோள் வரை ஓர் அளவு. பிறகு சுற்றளவு. டேப்பைக் கழுத்துக்கு அடியில் இழுக்கக் கூடாது, மெத்தையை அமுக்கிக்கொண்டே வழுக்கி விட வேண்டும். காலரைப் போட்ட பிறகு ஒரு விரல் உள்ளே நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் இறுக்கம். இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் அது காலர் இல்லை, கல்யாண மாலை.

இதையெல்லாம் எல்லோரும் ஒழுங்காகத்தான் செய்வோம். கஷ்டம் அதற்குப் பிறகு. காலர் போட்டாயிற்று என்றால் எல்லோர் மனதிலும் ஒரு கதவு சாத்தியாயிற்று. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்ப்பார். சிஸ்டர் கைகால் அசைகிறதா என்று பார்ப்பார். வீட்டு ஆட்கள் முகத்தைப் பார்த்து அழுவார்கள். கழுத்தை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. திறந்தால் எலும்பு அசைந்துவிடுமே என்று பயம். நியாயமான பயம்தான். அந்த நியாயமான பயத்துக்குப் பின்னால் என்னவெல்லாம் ஒளிந்துகொள்ளும் என்று எனக்குக் காட்டியவர் வரதன்.

வரதன் நெமிலிப் பக்கத்து விவசாயி. எழுபது வயதிருக்கும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவர் வழுக்கி விழுந்திருக்கிறார். நெற்றி தொட்டியின் விளிம்பில் மோதித் தலை பின்னால் மடங்கிவிட்டது. அவருக்கு முதுகெலும்பு முழுக்க ஏற்கெனவே மூங்கில் மாதிரி இறுகிப் போயிருந்தது. அப்படிப்பட்ட கழுத்து வளையாது, சாக்பீஸ் போல முறியும். முறிந்துவிட்டது. ஆனால் கைகால் அசைந்தது. எல்லோருக்கும் அதில் பெரிய நிம்மதி.

நான்தான் காலர் போட்டேன். தோல் பட்டை, மூன்றாம் துளை. போடும்போது அவர் சொன்னார், "சாமி, எச்சி முழுங்குனா குத்துது."

"கழுத்து ஒடைஞ்சா குத்தாம இருக்குமா பெரியவரே" என்றேன். டாக்டரும் அதையேதான் சொன்னார். சிஸ்டரும் அதையேதான் சொன்னார். அவருடைய மகன் ஸ்பூனில் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தான். பெரியவர் ஒவ்வொரு ஸ்பூனுக்கும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். நாங்கள் மூன்று பேர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மறுநாள் சாயங்காலம் மகன் பட்டறைக்கு வந்து, "காலர் இறுக்குதுன்றாரு சார்" என்றான். போய் இரண்டாம் துளைக்குத் தளர்த்தினேன். அடுத்த நாள் காலை மறுபடியும் வந்தான். முதல் துளைக்குத் தளர்த்தினேன். அப்போது என் விரல் அவர் கழுத்தில் பட்டது. தோல் மண்டியில் உப்புத் தூவிய தோலை அழுத்தினால் உள்ளங்கையில் நறநறவென்று ஓர் உணர்ச்சி வரும். அது வந்தது. வியர்வைக்கு யாரோ பவுடர் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் தளர்த்த வேண்டுமானால் புதிதாக ஒரு துளை குத்த வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போனேன். என் கண்ணுக்குப் பட்டை சிறியதாகத் தெரிந்தது. கழுத்து பெரிதாகிறது என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் காய்ச்சல். நான்காம் நாள் ஸ்கேன் எடுத்தார்கள். முறிந்த எலும்பின் முனை உணவுக்குழாயைப் பின்பக்கமாகக் கிழித்திருந்தது. குடித்த கஞ்சி வயிற்றுக்குப் போகாமல் நெஞ்சுக்குள் இறங்கிச் சீழ் பிடித்திருந்தது. என் விரலில் நறநறத்தது அந்தக் கிழிசல் வழியாகத் தோலுக்கு அடியில் கசிந்த காற்று. கழுத்தைத் திறந்து சுத்தம் செய்தார்கள். ஆறாம் நாள் இறந்துபோனார்.

பிறகு ஒரு கூட்டம் நடந்தது. "கழுத்து எலும்போட தொண்டையும் கிழியறது ரொம்ப அபூர்வம்" என்றார் பெரிய டாக்டர். எல்லோரும் தலையாட்டினார்கள். அபூர்வம் என்ற சொல்லுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு சௌகரியம் உண்டு. அதைச் சொன்ன உடனே கூட்டத்தை முடித்துவிடலாம். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. காலர்காரனைக் கேட்க என்ன இருக்கிறது? நானும் அந்த இரண்டு துளைகளைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். "போய் யாருக்கிட்டயாவது சொல்லிடுங்களேன்" என்றாள். சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. வெட்கம்.

அதற்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். டேப்பைக் கையில் எடுப்பதற்கு முன்னால் நோயாளியிடம் பெயரும் ஊரும் கேட்பேன். பதில் என்ன என்பது முக்கியமில்லை, குரல் எப்படி வருகிறது என்று கவனிப்பேன். எச்சில் விழுங்கச் சொல்லி முகத்தைப் பார்ப்பேன். காலரின் முன்பாதியைத் திறந்து டார்ச் அடித்துத் தோலைப் பார்ப்பேன். குரல்வளைக்கு இரண்டு பக்கமும் கட்டை விரலால் மெதுவாக அழுத்துவேன். அளவு எடுத்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை எடுப்பேன். வார்டில் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். "காலர் இன்டர்வியூ எடுக்கறாரு" என்றார்கள். வருடக்கணக்கில் எதுவும் கிடைக்கவும் இல்லை. எல்லோருக்கும் குரல் நன்றாக இருந்தது, எல்லோரும் எச்சில் விழுங்கினார்கள், நான் பைத்தியக்காரன் போல டார்ச்சோடு சுற்றினேன்.

பிறகு கோமதி வந்தாள்.

இருபத்தாறு வயது. ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிற பிரிவில் வேலை. ஊர் நாட்றம்பள்ளிப் பக்கம். அன்றைக்குக் கம்பெனி வேனைத் தவறவிட்டதால் கணவன் சங்கர் பைக்கில் கொண்டுபோய் விட்டிருக்கிறான். போகிற வழியில் துப்பட்டாவின் நுனி பின்சக்கரத்தில் சிக்கிச் சுற்றிக்கொண்டது. கழுத்தைப் பின்னால் இழுத்து ரோட்டில் சாய்த்துவிட்டது. முதலில் ஒரு நர்சிங் ஹோமில் காலர் மாட்டினார்கள். அன்று சாயங்காலம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கழுத்தில் ஐந்தாவது எலும்பும் ஆறாவது எலும்பும் முறிந்திருந்தன. கைகால் அசைந்தது. மறுநாள் காலை ரவுண்டு முடிந்ததும் எனக்கு உத்தரவு வந்தது. "காலர், எட்டாம் பெட், நாலு கம்பி, மதியத்துக்குள்ள."

சாமான்களோடு போனேன். பயிற்சி டாக்டர் ஒரு பையன், சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. தலைமாட்டில் நின்று தலையைப் பிடித்துக்கொண்டான். சங்கர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பேர் இன்னாம்மா?" என்றேன்.

உதடு அசைந்தது. காற்று மட்டும் வந்தது.

"பேச வேணாம்மா, கழுத்து அசையும்" என்றான் டாக்டர்.

"நேத்துலேர்ந்து இப்படித்தான் சார்" என்றான் சங்கர். "பயந்துட்டா."

கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்த்தேன். நர்சிங் ஹோம் எழுதியிருந்தது: பதற்றம், பேசவில்லை. எங்கள் ஆட்கள் அதையே பார்த்து எழுதியிருந்தார்கள். தலையைப் பிடித்திருக்கும்போதே காலரின் முன்பாதியைத் திறந்தேன். உள்ளே, ஒரு காதுப் பக்கத்திலிருந்து மறு காதுப் பக்கம் வரைக்கும், கயிறு அழுத்தியது போல ஒரு பழுப்புச் சிவப்புக் கோடு. நர்சிங் ஹோமிலிருந்து இங்கே வரைக்கும் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் ஷீட்டிலும் அந்தக் கோடு இல்லை. காலர் அதன் மேலேயே சரியாக உட்கார்ந்திருந்தது.

எச்சில் விழுங்கச் சொன்னேன். கண்ணில் நீர் வந்தது. வாயோரம் வழிந்த எச்சில் இளஞ்சிவப்பாக இருந்தது. குரல்வளையின் மேடு இருக்க வேண்டிய இடம் தட்டையாக இருந்தது. கட்டை விரலை வைத்தேன். நறநறவென்றது.

"டாக்டர், இது தொண்டை. உள்ள எங்கயோ கிழிஞ்சி காத்து தோலுக்கடியில வருது. காது மூக்கு தொண்டை டாக்டரைக் கூப்பிடுங்க."

"ஆக்சிஜன் நல்லா இருக்குதுண்ணா. மூச்சும் சீராத்தான் இருக்குது. நீங்க காலர் போட்டுடுங்க, சார் மதியத்துக்குள்ள முடிக்கச் சொன்னாரு."

"நாலு கம்பியில தாடைக்கடியில தாங்கி வருது. திருகி ஏத்துனா நேரா இதும் மேல அழுத்தும்."

"அப்ப லூசா போடுங்களேன்."

லூசா. அந்த ஒரு சொல்லில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கோபம் அவன் மேல் இல்லை, அந்த இரண்டு துளைகள் மேல்.

"போட மாட்டேன்" என்றேன்.

காலரின் பின்பாதியை மட்டும் அடியில் விட்டு, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பைகளை அணைத்து வைத்து, நெற்றிக்குக் குறுக்கே பட்டை போட்டேன். தொண்டையைத் திறந்தே விட்டேன்.

டாக்டர் முகம் வெளுத்துவிட்டது. கெட்ட பையன் இல்லை. "நான் சார்கிட்ட இன்னான்னு சொல்றதுண்ணா?"

"சாலமோன் போட மாட்டேன்னுட்டான்னு சொல்லுங்க."

"சாலமோன் யாருன்னு கேப்பாரே."

"காலர்னு சொல்லுங்க."

அவன் தொண்டை டாக்டருக்குப் போன் போட்டான். வெளிநோயாளிகள் கூட்டம், மூன்று மணிக்கு வருகிறோம் என்று பதில் வந்தது. அப்போது மணி பத்தரை. வார்டு சிஸ்டர் எஸ்தர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு டார்ச் எடுத்துக் கொடுக்கிறவர் அவர்தான். சிவப்புப் பேனாவை எடுத்து, 'காலர் பொருத்த டெக்னீஷியன் மறுத்துவிட்டார்' என்று ஷீட்டில் எழுதி அடிக்கோடு போட்டார். பிறகு ஆபீசுக்குப் போன் செய்து அதையே படித்துக் காட்டினார்.

"நீங்களுமா சிஸ்டர்" என்றேன்.

"மன்னிச்சிக்கோ சாலமோன். நோயாளிக்கு இன்னான்னு எழுதுனா நாளைக்குத்தான் படிப்பாங்க. உன் மேல புகார்னு எழுதுனா இப்பவே வருவாங்க."

பத்து நிமிடத்தில் வந்தார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு முறை பெரிய டாக்டரின் ஷூ சத்தத்தைப் பத்தே முக்காலுக்குக் கேட்டேன்.

"காலர், உனக்கு இன்னா பிரச்சினை?"

"எனக்கு ஒண்ணும் இல்ல சார். உங்க விரலை இங்க வைங்க."

அவர் வைக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்போதுதான் சொன்னேன். "நெமிலிப் பெரியவர் ஒருத்தர் இருந்தாரு சார், உணவுக்குழாய் கிழிஞ்சி செத்துப் போனாரே. அவருக்கு ரெண்டு நாள் நான் பட்டையைத் தளர்த்துனேன். ரெண்டு துளை. கழுத்து வீங்குதுன்னு எனக்குத் தெரியல. அன்னிக்கு யாருக்கிட்டயும் சொல்லல. இதே நறநறதான் சார்."

பெரிய டாக்டர் கையிலிருந்த ஸ்கேலைப் பையில் போட்டார். குனிந்து கோமதியின் கழுத்தில் விரலை வைத்தார். வைத்த விரலை உடனே எடுக்கவில்லை. பிறகு மறுகையால் எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கி ஜன்னல் பக்கம் போனார். ரொம்ப நேரம் பார்த்தார். அந்தத் தடவை அவர் எலும்போடு பேசவில்லை.

"டேய், இங்க வா" என்று பயிற்சி டாக்டரைக் கூப்பிட்டு, முறிந்த எலும்புக்கு முன்னால் மெல்லியதாக ஓடிய கறுப்புக் கீற்றைக் காட்டினார். "காத்து. இங்க இருக்கவே கூடாது. நேத்து சாயங்காலத்துலேர்ந்து இங்கதான் இருக்குது. நானும் பாத்தேன். எலும்பைப் பாத்தேன்."

வராந்தாவுக்குப் போய்த் தன் போனிலேயே தொண்டை டாக்டரைக் கூப்பிட்டார். என்ன சொன்னார் என்று தெரியாது. தொண்டை டாக்டர் ஓட்டமாக வந்தார்.

ஆபரேஷன் தியேட்டருக்கு டிராலி போகும்போதே கோமதியின் மூச்சில் விசில் போல ஒரு சத்தம் கிளம்பிவிட்டது. வாய் வழியாகக் குழாய் விட்டால் கிழிந்த இடம் அறுந்துபோகும், தலையைச் சாய்த்தால் எலும்பு நகரும். அதனால் மயக்கம் கொடுக்காமல், மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, கழுத்தின் அடியில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்தார்கள். அது முடியும் வரை தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றது பெரிய டாக்டர்தான் என்று எஸ்தர் சிஸ்டர் பிறகு சொன்னார்.

நான் வெளியே சங்கரோடு உட்கார்ந்திருந்தேன்.

"வேகமாகூட போகல சார்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "ஷாலைக் கட்டிக்கோன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றான். அதையே மூன்று நான்கு தடவை சொன்னான். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. டீ குடிக்கிறியா என்று கேட்டேன். வேணாம் என்றான். வாங்கிக்கொண்டு வந்து கையில் வைத்தேன், ஆறவிட்டான்.

குரல்வளையின் குருத்தெலும்பு நெடுக்காக உடைந்திருந்தது. அதற்குக் கீழே மூச்சுக்குழாய் முக்கால்வாசி அறுந்து, பின்பக்கத்துச் சவ்வில் தொங்கிக்கொண்டிருந்தது. உணவுக்குழாய் தப்பித்துவிட்டது. வெளியே வந்த தொண்டை டாக்டர், "தாடையை ஏத்திக் கட்டியிருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்துவிட்டு, சங்கரைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மூன்றாம் நாள் எனக்கு மெமோ வந்தது. மேலதிகாரியின் உத்தரவை மீறியதற்கு எழுத்துமூலம் விளக்கம் தேவை என்று. அதைப் பெரிய டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போனேன். படித்தார். "ஆபீஸ்காரன் எழுதுறதுக்கு நான் இன்னா பண்றது" என்று திருப்பிக் கொடுத்தார். இரண்டு பக்கம் விளக்கம் எழுதிக் கொடுத்தேன். வரதன் விஷயத்தையும் அதில் எழுதினேன். யாரும் படித்ததாகத் தெரியவில்லை. மெமோவை ரத்து செய்யவும் இல்லை. அதோடுதான் ஓய்வு பெற்றேன்.

ஆனால் அடுத்த வாரத்திலிருந்து ரவுண்டில், எக்ஸ்ரேயைக் கையில் வாங்குவதற்கு முன்னால், "காலர், தொண்டையைப் பாத்தியா?" என்று கேட்க ஆரம்பித்தார். நான் பார்த்தேன் என்று சொன்ன பிறகுதான் ஜன்னலுக்குப் போவார். சேர்க்கைப் படிவத்தில் 'குரல், விழுங்குதல், கழுத்துத் தோல்' என்று ஒரு வரியைத் தன் கையால் எழுதிச் சேர்த்தார். அவர் இருந்தவரைக்கும் அந்த வரி இருந்தது. அவர் போனார், கம்ப்யூட்டர் வந்தது, படிவத்தை யாரோ புதிதாக வடிவமைத்தார்கள். அந்த வரி எங்கே தம்பி என்று போய்க் கேட்டேன். "ஸ்பேஸ் இல்ல சார்" என்றான். ஆதார் எண்ணுக்கு இடம் இருந்தது. போன் நம்பருக்கு இரண்டு இடம் இருந்தது. தொண்டைக்கு இடமில்லை.

கோமதியின் கழுத்தெலும்பைப் பிறகு பின்பக்கமாக ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். மூச்சுக்குழாய்த் துளைக்கு முன்னால் ஜன்னல் போலத் திறந்திருக்கிற ஒரு காலரை நான் செய்தேன். நான்கு தடவை அளவு எடுத்தேன், இரண்டு தடவை பிளாஸ்டிக்கை வீணாக்கினேன். போட்டுவிட்ட மறுநாள் அவள் தன் போனில் எதையோ தட்டி என்னிடம் நீட்டினாள். நன்றி சொல்கிறாள் என்று நினைத்தேன். 'அரிக்குது' என்று இருந்தது.

நான்கு மாதம் கழித்து வந்தாள். குழாயை எடுத்துத் துளையும் மூடிவிட்டார்கள். அன்றைக்குக் காலரையும் கழற்றலாம் என்று சீட்டு வந்திருந்தது. பட்டறை பெஞ்சில் உட்கார வைத்துக் கழற்றினேன். குரல் வந்திருந்தது. கரகரவென்று, தகரத்தில் மணல் கொட்டுவது போல. அந்தக் குரல் அப்படியேதான் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கம்பெனியில் பாட்டுப் பாடிக்கொண்டே தைப்பாளாம். சங்கர் சொன்னான்.

"அன்னிக்கு என் பேரைக் கேட்டீங்க இல்ல சார்?" என்றாள்.

"ஆமா."

"நான் பேரைச் சொல்லல. தொண்டைக்குள்ள இன்னவோ ஒடைஞ்சிடுச்சின்னு சொன்னேன். விழுந்ததுலேர்ந்து அதையேதான் சொல்லிக்கினு இருந்தேன். நர்சிங் ஹோம்ல சொன்னேன். ஆம்புலன்சுல சொன்னேன். எக்ஸ்ரே எடுத்தவருகிட்ட சொன்னேன். இவருகிட்டயும் சொன்னேன். எல்லாரும் பேசாத, பேசாதன்னீங்க."

சங்கர் தரையைப் பார்த்தான். வருடக்கணக்கில் டார்ச்சோடு அலைந்து, பெயர் ஊர் கேட்டு, குரல் எப்படி வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றவன் நான். அந்தப் பெண் உதட்டை அசைத்து என்ன சொல்கிறாள் என்று குனிந்து பார்க்க எனக்கும் தோன்றவில்லை.

"எனக்கும் புரியலம்மா" என்றேன்.

"தெரியும்" என்றாள். சலிப்பாகத்தான் சொன்னாள்.

"இப்ப சொல்லு. இன்னா இருந்தாலும் கேக்கறேன்."

"இப்ப இன்னா சார் இருக்குது சொல்றதுக்கு. காலையில வெறும் வயித்தோட வரச் சொல்லிட்டாங்க. பசிக்குது."

மூவரும் கேன்டீனுக்குப் போனோம். தயிர் சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் வாங்கி அவள் முன்னால் வைத்தேன். பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டாள். சங்கரும் நானும் அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இப்படிப் பாத்தா நான் எப்படி சாப்பிடறது" என்றாள்.

நாங்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். அவள் விழுங்கினாள்.